மூன்று மணி நேரம் காத்திருந்து நான்கு நிமிடம்

பெரம்பூரிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். தம்பிக்கு 21 வயது, பொறியியல் மூன்றாம் ஆண்டு. இரண்டு மாதமாகக் கல்லூரிக்குப் போகவில்லை. ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறான், மேல்வீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான். தனியார் டாக்டரிடம் மூன்று வாரம் கழித்துத்தான் அப்பாயின்ட்மென்ட். அரசு மருத்துவமனையில் மூன்று மணி நேரம் உட்கார வைத்து நான்கு நிமிடம் பார்த்து மாத்திரை எழுதினார்கள். ஆன்லைனில் ஒரு கவுன்சிலர் மருந்தே இல்லாமல் பத்து வகுப்பில் சரிசெய்கிறேன் என்கிறார். "இவ்வளவு பெரிய ஊரில் நிஜமாகவே மனநல டாக்டர்கள் இல்லையா, இல்லை நம்மை அலைக்கழிக்கிறார்களா?"

பார்க்க ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் இதற்குள் இரண்டு இருக்கின்றன. ஆள் பற்றாக்குறை உண்மையா என்பது ஒன்று. நான்கு நிமிடத்தில் எழுதிய மாத்திரையை நம்பித் தம்பிக்குக் கொடுக்கலாமா என்பது இன்னொன்று. சீட்டும் மாத்திரையும் பீரோவில் இருக்கின்றன, இன்னும் கொடுக்கவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இரண்டாவது கேள்விதான் என்று நினைக்கிறேன்.

நான் மனநல மருத்துவர். பத்தொன்பது ஆண்டு அனுபவம். அதில் பதினொரு ஆண்டு சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில், இப்போது வடசென்னையில் மாலை நேர கிளினிக். ஆக, நீங்கள் திட்டுகிற இரண்டு வரிசைக்கும் நான் பொறுப்பாளி.

தம்பி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எழுதியதைப் படித்துவிட்டு நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன். அப்படி யார் வைத்தாலும் நம்பாதீர்கள். ஆனால் இருபதை ஒட்டிய வயது, தூக்கம் போய்விட்டது, பக்கத்து வீட்டார் மேல் சந்தேகம், இரண்டு மாதமாகிறது என்றால் மூன்று வாரம் காத்திருக்கக் கூடாது. சிகிச்சையில்லாமல் இந்த நிலை எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுக்கு மீள்வது கடினமாகிறது. எங்கள் துறையில் சண்டையில்லாத சில விஷயங்களில் இது ஒன்று. பார்த்த டாக்டர் எழுதிய மாத்திரையைத் தொடங்குங்கள் என்பதுதான் என் பதில். அவனுக்கு ஏற்கெனவே வேறு நோயோ மருந்து ஒவ்வாமையோ இருந்து, அதை அங்கே சொல்ல விட்டுப்போயிருந்தால் மட்டும் நாளைக்கே திரும்பப் போய்ச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சந்தேகத்தைத் தணிக்க எழுதும் மாத்திரை அடிமைப்படுத்தாது. முதலில் தூக்கம் திரும்பும், சந்தேகம் தணிய வாரக்கணக்கில் ஆகும். கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாலோ, கண் மேலே செருகினாலோ பயந்துவிடாதீர்கள். அவசரப் பிரிவில் ஓர் ஊசியில் சரியாகிற பக்கவிளைவு அது. கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. சாப்பாட்டில் விஷம் கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளினாலோ, செத்துவிடுவேன் என்றாலோ, யாரையாவது அடிக்கப் போனாலோ ஓ.பி. நாள், அப்பாயின்ட்மென்ட் எதையும் பார்க்காமல் அரசு பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றால் 14416க்குப் போன் போடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

சரி, இப்போது ஆள் கணக்கு. 2019இல் இந்திய மனநல ஆய்விதழில் ஒரு மதிப்பீடு வந்தது. நாடு முழுவதும் மனநல மருத்துவர்கள் சுமார் 9,000 பேர், அதாவது ஒரு லட்சம் மக்களுக்கு 0.75. லட்சத்துக்கு 3 பேராவது வேண்டும் என்று வைத்தால் 36,000 பேர் தேவை. ஆண்டுதோறும் புதிதாகப் படித்து வருபவர்கள் 700 பேர் அளவில். குறைகிற 27,000ஐ 700ஆல் வகுத்துப் பாருங்கள், 38 ஆண்டுக்கு மேல் வரும். அதுவும் இடையில் ஒருவரும் ஓய்வு பெறாமல், வெளிநாடு போகாமல், மக்கள்தொகையும் ஏறாமல் இருந்தால். அதன் பிறகு மனநலத்தில் பி.ஜி. (மேற்படிப்பு) இடங்கள் கூடியிருக்கின்றன, ஆனால் இந்தக் கணக்கைப் புரட்டிப்போடும் அளவுக்கு இல்லை.

இந்த 3 என்ற எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பணக்கார நாடுகளில் அதைவிட அதிகம் வைத்துக்கொண்டும் ஆளில்லை என்று புலம்புகிறார்கள். ஆனால் தேவை எவ்வளவு என்பதைப் பற்றி ஓரளவு நல்ல கணக்கு நம்மிடம் இருக்கிறது. 2015-16இல் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டது. வயதுவந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் கொஞ்சம் மேல், குடிநோயையும் சேர்த்து, சிகிச்சை தேவைப்படும் நிலையில் இருந்தார்கள். அவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம். இதை இன்னொரு விதமாகப் பாருங்கள். நீங்கள் மூன்று மணி நேரம் நின்ற வரிசை, வர வேண்டியவர்களில் ஒரு சிறு பகுதி மட்டும் வந்ததால் உண்டான வரிசை.

சென்னை மற்ற ஊர்களைப் போல இல்லையே என்று கேட்பீர்கள். இல்லைதான். 2011 கணக்கெடுப்பின்படி விரிவான மாநகராட்சி எல்லைக்குள் 67 லட்சம் பேர். லட்சத்துக்கு 3 என்றால் இருநூறு டாக்டர் போதும். தலையை மட்டும் எண்ணினால் சென்னைக்குப் பெரிய குறையில்லை, டாக்டர்கள் நகரங்களில்தான் குவிகிறார்கள். ஆனால் சென்னை டாக்டரிடம் வருவது சென்னைக்காரர் மட்டுமில்லை. என் கிளினிக் நோட்டைத் திறந்தால் திருத்தணி, ஆரணி, செய்யாறு, அந்தப் பக்கம் நெல்லூர், சித்தூர் எல்லாம் இருக்கும். காலையில் வந்து சாயங்காலம் திரும்புவார்கள். அடுத்து, கிளினிக்குகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். அடையாறு, நுங்கம்பாக்கம், அண்ணாநகர் பக்கம் தெருவுக்குத் தெரு போர்டு தெரியும். கொடுங்கையூரிலும் எண்ணூரிலும் தேட வேண்டும். அப்புறம், போர்டு மாட்டிய எல்லாருக்கும் எல்லா நோயாளியும் வேண்டாம். பதற்றம், தூக்கமின்மை என்று நடந்து வந்து, ஜிபேயில் பணம் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்ப்பது ஒன்று. உங்கள் தம்பி மாதிரி வர மறுக்கிற பையனை, ராத்திரி போன் வரும் என்று தெரிந்தே எடுத்துக்கொள்வது வேறு. இதை என் சக டாக்டர்கள் படித்தால் கோபப்படுவார்கள். படட்டும்.

ஏன் இந்தப் படிப்புக்கு ஆள் வருவதில்லை? பணம் என்பார்கள், அது பாதிதான் உண்மை. நம் ஊர் மருத்துவத்தில் காசு கைவேலையில் இருக்கிறது: ஸ்கோப், ஸ்டென்ட், ஆபரேஷன். எங்களிடம் இருப்பது ஒரு நாற்காலியும் ஒரு கடிகாரமும். ஒருவரிடம் முக்கால் மணி நேரம் பேசினால் அந்த முக்கால் மணி நேரம் போனது போனதுதான். எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநலத்துக்குக் கிடைப்பது சில வாரப் பயிற்சி. தனித் தேர்வு கிடையாது, பொது மருத்துவத் தாளுக்குள் அடங்கிவிடும். தேர்வில் வராததை எந்த மாணவன் படித்திருக்கிறான்? அதனால்தான் தெருமுனை குடும்ப டாக்டருக்கு மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கக் கை வருவதில்லை. தூக்க மாத்திரை எழுத மட்டும் தயக்கமே இருக்காது. பி.ஜி. இடத்தைக் கூட்டலாம் என்றால் சொல்லிக்கொடுக்கப் பேராசிரியர் வேண்டும்; இன்றைக்குப் பேராசிரியர் இருக்க இருபது ஆண்டுக்கு முன்னால் பி.ஜி. இடம் இருந்திருக்க வேண்டும். என்னோடு படித்த ஆறு பேரில் இரண்டு பேர் இங்கிலாந்தில், ஒருவர் ஆஸ்திரேலியாவில். அங்கேயும் மனநல டாக்டருக்குப் பஞ்சம், கூப்பிட்டு வேலை தருகிறார்கள்.

மீதிப் பாதி வெட்கம். நான் இந்தப் படிப்பை எடுத்தபோது அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அஞ்சரை வருஷம் படிச்சிட்டு கீழ்ப்பாக்கத்துக்கா போற?" என்றார். சென்னையில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்பது இங்கே ஒரு வசவு. 1794இல் வாலண்டைன் கானலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர் தனியார் காப்பகமாகத் தொடங்கியது, 1871இல் கீழ்ப்பாக்கம் வளாகத்துக்கு வந்து, இன்று மனநலக் காப்பகம் என்ற பெயரில் இயங்குகிறது. நூற்றைம்பது ஆண்டாகச் சேர்ந்த பயத்தில் ஊர்ப் பெயரே பைத்தியத்துக்கு மறுபெயராகிவிட்டது. பாவம், கீழ்ப்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கியவர்கள். அதே இடத்தில் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் சாரதா மேனன், நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படுபவர். பூட்டிய வார்டிலிருந்து சிகிச்சையை ஓ.பி.க்கும் வீட்டுக்கும் கொண்டுபோகப் பாடுபட்டார், மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்டு, சந்தேகம் முற்றும் நோய்) உள்ளவர்களுக்காக 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். எங்களில் பலர் இந்தத் துறைக்கு வர அவர்தான் காரணம். ஆனாலும் இன்றைக்கும் நோயாளிகள் எங்களை 'நரம்பு டாக்டர்' என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். சில டாக்டர்களே போர்டில் 'நரம்பு, மனநலம்' என்று எழுதுவதும் அதனால்தான்.

இப்போது அந்த நான்கு நிமிடத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த ஓ.பி.யின் காலை இது. ஏழரைக்குச் சீட்டுத் தரத் தொடங்குவார்கள், எட்டுக்குள் பெஞ்சு நிறைந்துவிடும். மூன்று டாக்டர், நூற்றிருபது பேர், அதில் நூறு நோட்டு. நோட்டு என்றால் பழைய நோயாளிகள் கையில் வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டு. பிரவுன் அட்டை போட்டு, மேலே பெயரும் ஓ.பி. எண்ணும் எழுதி, மஞ்சள் பைக்குள் மாத்திரை அட்டைகளோடு வைத்திருப்பார்கள். மேசையில் அந்த நோட்டுகள் அடுக்காக ஏறிக்கொண்டே போகும். மூன்று டாக்டருக்கு நான்கு மணி நேரம், மொத்தம் 720 நிமிடம். புதியவர்கள் இருபது பேருக்குத் தலா இருபது நிமிடம் ஒதுக்கினால் 400 காலி. மீதி 320 நிமிடத்தில் நூறு பழைய நோயாளிகள். "தூக்கம் வருதா, சாப்பிடறானா, மாத்திரை ஒழுங்கா போடறானா" என்று மூன்று கேள்வி, அதே மருந்து, கையெழுத்து. இதற்கு நடுவில் ரயில் நிலையத்தில் கிடந்த ஒருவரைப் போலீஸ் கூட்டி வரும். கோர்ட்டிலிருந்து ஒரு கடிதம் நிற்கும். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு 'ஐடியாஸ்' என்ற அளவுகோலில் மதிப்பெண் போட வேண்டும். 40 சதவீதம் வந்தால்தான் சலுகை, அந்தக் குடும்பத்துக்கு அது சோற்றுப் பிரச்சினை, அவசரத்தில் போட முடியாது. பக்கத்து வார்டிலிருந்து ஆயா வந்து நிற்பார்: பூச்சிமருந்து குடித்துப் பிழைத்த பெண்ணை வந்து பார்க்கச் சொல்லி. அந்தப் பெண்ணிடம் நின்றுகொண்டு பேச முடியாது.

உங்கள் தம்பி புதியவன், அவனுக்கு இருபது நிமிடம் கிடைத்திருக்க வேண்டும். நான்கு கிடைத்தது தவறு, நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் நான்கு நிமிடத்தில் எழுதியது என்பதாலேயே மருந்து தப்பாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்ட வேண்டாம். கண் எங்கே ஓடுகிறது, கேட்ட கேள்விக்குப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது, நடுவில் யாருக்கோ காது கொடுக்கிறானா என்பதெல்லாம் பழகிய கண்ணுக்கு நான்கு நிமிடத்தில் தெரியும். மருந்து தேவை என்று தீர்மானிக்க அது பல நேரம் போதும். கஞ்சா பழக்கம் உண்டா, தலையில் அடிபட்டதா, ஃபிட்ஸ் வந்ததா, தாத்தாவுக்கோ மாமாவுக்கோ இப்படி இருந்ததா, எவ்வளவு நாள் மருந்து, கல்லூரிக்கு எப்போது போகலாம், அம்மாவிடம் என்ன சொல்வது — இதற்கெல்லாம் போதாது. நோயைப் பார்க்க நேரம் இருந்தது, குடும்பத்தைப் பார்க்க நேரம் இல்லை.

அந்த இரண்டாவது வேலையை எல்லாம் டாக்டர்தான் செய்ய வேண்டுமா? இங்கேதான் என் கருத்து 'டாக்டர் இல்லை' என்ற பொதுப் புலம்பலிலிருந்து விலகுகிறது. டாக்டருக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டிய ஆட்கள், அதாவது மனநலச் செவிலியர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், சமூகப் பணியாளர், நம்மிடம் டாக்டரைவிடப் பெரிய குறை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 கணக்கில் உலக நடுவளவு லட்சத்துக்கு 13 மனநலப் பணியாளர்கள். அதில் பெரும் பங்கு செவிலியர்கள். 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்திலும் ஒரு முழுக் குழு தாளில் உண்டு. நடைமுறையில் குழு என்பது பல இடங்களில் ஒரு டாக்டரும், ஒப்பந்தம் எப்போது முடியும் என்று தெரியாத ஒன்றிரண்டு பேரும்.

எங்கள் ஓ.பி.யில் அப்படி ஒரு சமூகப் பணியாளர் இருந்தார். மதியம் எல்லோரும் போன பிறகு, அன்றைக்கு வர வேண்டியவர்களில் வராதவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராகப் போன் போடுவார். எடுக்காவிட்டால் ஸ்கூட்டியில் கிளம்பிவிடுவார். வியாசர்பாடியில் ஒரு லோடுமேன், மாத ஊசியில் நன்றாக இருந்தவர், இரண்டு மாதமாக வரவில்லை. நான் அவர் கேஸ் ஷீட்டில் 'சிகிச்சையை மறுக்கிறார்' என்று எழுதி வைத்திருந்தேன். இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "மேடம், ஊசி போட்டா ரெண்டு நாள் கை நடுங்குதாம், மூட்டை நழுவுதாம். போன தடவை மேஸ்திரி ரெண்டு நாள் வேலை இல்லைன்னு அனுப்பிட்டாராம். சனிக்கிழமை போட்டா ஞாயித்துக்கிழமை படுத்துக்குவேங்கறார்." எங்கள் ஊசி நாள் செவ்வாய். அவருக்கு மட்டும் சனிக்கிழமை என்று மாற்றினோம், நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை சேர்த்தோம். அதன் பிறகு நான் அங்கே இருந்த நான்கு ஆண்டும் ஒரு ஊசி தவறவில்லை. என் குறிப்பை அடித்துவிட்டு மாற்றி எழுதினேன்.

அடுத்த ஆண்டு அந்தச் சமூகப் பணியாளரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பட்டியல் எடுக்க ஆளில்லை, யார் வரவில்லை என்பதே எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. வரிசை கொஞ்சம் குறைந்தது. மேலிடத்துக்கு அது நல்ல செய்தியாகப் போயிருக்கும்.

ஆக, உங்கள் ஆன்லைன் கவுன்சிலர் இந்த இடைவெளியில்தான் கடை விரித்திருக்கிறார். பேச்சு சிகிச்சையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. பதற்றத்துக்கும், மிதமான மனச்சோர்வுக்கும், திரும்பத் திரும்பக் கை கழுவும் நோய்க்கும் முறையாகப் படித்தவர் கொடுக்கும் பேச்சு சிகிச்சை மருந்துக்குச் சமமாக வேலை செய்யும். ஆனால் தம்பியின் நிலையில் மருந்தே இல்லாமல் பத்து வகுப்பு என்று ஒருவர் உறுதி தந்தால், அவருக்கு இந்த நோய் தெரியாது என்று அர்த்தம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்கும். எண்ணைக் கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. 'கவுன்சிலர்' என்ற சொல்லுக்கு அப்படிக் காவல் கிடையாது. துணை மருத்துவத் தொழில்களை முறைப்படுத்த 2021இல் சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் இரண்டு வாரச் சான்றிதழ் வைத்துக்கொண்டு போர்டு மாட்டுகிறவரை யாரும் போய்க் கேட்பதில்லை.

படிக்காதவர்களால் ஒன்றும் முடியாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் படிப்பில்லாத சாதாரண மனிதர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடும் மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு முறை பேச வைத்தார்கள். நல்ல பலன் கிடைத்தது, 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இது ஏறக்குறைய உறுதியான விஷயம். மனச்சிதைவுக்கு அதே வழி எவ்வளவு உதவும் என்பதில்தான் இழுபறி. காஞ்சிபுரம், கோவா, சதாரா மூன்று இடத்திலும் நடந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. மருந்தோடு வீட்டுக்குப் போய் உதவும் பணியாளரும் சேர்ந்தபோது பலன் கொஞ்சம்தான் கூடியது, ஆனால் அது தெளிவாகத் தெரிந்த இடம் நம் காஞ்சிபுரம் பக்கம், கிராமங்களில். எதுவும் இல்லாத இடத்தில் ஒருவர் போய் நின்றாலே பெரிது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். மருந்துக்குப் பதிலாக அல்ல, மருந்தோடு சேர்த்துத்தான் அந்தப் பணியாளர் என்பதைக் கவனியுங்கள்.

வீடியோவில் பார்ப்பதும் அப்படித்தான். புதுக்கோட்டைப் பக்கம் ஸ்கார்ஃப் 2010 முதல் ஒரு பஸ்ஸுக்குள் திரையை வைத்து, சென்னையிலிருந்து டாக்டர் பேச, அங்கேயே மருந்து கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தது. மூன்று பஸ் மாறி வர வேண்டியவர்களுக்கு அது வரம். மருந்து தொடர்கிறவர்களுக்கு வீடியோ போதும். முதல் முறை வருகிறவருக்குப் போதுமா என்பதில் துறைக்குள் இரண்டு கட்சி உண்டு. நான் நேரில் பார்க்க வேண்டும் என்கிற கட்சி. யாரோ கேமராவில் பார்க்கிறார்கள் என்று நடுங்குகிற பையனைக் கேமரா முன்னால் உட்கார வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஆளில்லாத இடத்தில் மக்கள் சும்மா இருக்க மாட்டார்கள், எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அங்கே போவார்கள். திருச்சி பக்கம் குணசீலம் கோயிலுக்குப் போய் 48 நாள் தங்கிவிட்டு வருகிறவர்களை நான் திட்டுவதில்லை, மாத்திரையை மட்டும் விடாதீர்கள் என்பேன். ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா பக்கம் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்களில் எத்தனை பேர் உங்களைப் போல எங்கெங்கோ வரிசையில் நின்று ஓய்ந்தவர்களோ. 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது, அரசு செலவில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்குகிறது. உரிமை சரி, கொடுக்கிற ஆள் வேண்டுமே. இன்னொரு பக்கம், நாட்டின் அரசு மனநல மருத்துவமனைகளில் இருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஓராண்டுக்கு மேலாக அங்கேயே இருக்கிறார்கள் என்று 2019இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பலருக்கு நோய் அடங்கிவிட்டது, கூட்டிப்போகத்தான் யாரும் வரவில்லை. பான்யன் போன்ற சில அமைப்புகள் இவர்களுக்கு ஊருக்குள் வீடு எடுத்து வாழ வைக்கின்றன, ஆனால் தேவைக்கு முன்னால் அது கைப்பிடி அளவு.

உங்கள் கேள்விக்கே திரும்புகிறேன். பெரம்பூரிலிருந்து உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம், கீழ்ப்பாக்கமும் தூரமில்லை. போன முறை போன இடத்துக்கே போவது நல்லது, அவன் பதிவு அங்கே இருக்கிறது. முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த மாதம் தொடங்கியது, எத்தனை மணிக்குத் தூங்குகிறான், அவன் சொன்ன வாசகங்கள் அப்படியே இரண்டு மூன்று, கஞ்சா அல்லது குடி, தலையில் அடி, காய்ச்சல், ஃபிட்ஸ், சொந்தத்தில் யாருக்காவது, இப்போது சாப்பிடும் மற்ற மருந்துகள். பேச்சில் கேட்டு வாங்கப் பத்து நிமிடம் ஆவதை டாக்டர் அரை நிமிடத்தில் படித்துவிடுவார், மீதி நேரம் உங்களுடையது. நோயின் பெயரைக் கேட்பதை இரண்டாவது முறைக்குத் தள்ளிப்போடலாம். மருந்து எத்தனை நாளில் வேலை செய்யும், எந்தப் பக்கவிளைவுக்கு உடனே வர வேண்டும், அடுத்த முறை இதே டாக்டரைப் பார்க்க எந்தக் கிழமை வர வேண்டும், இந்த மூன்றையும் கேளுங்கள். அந்தப் பிரிவில் சைக்காலஜிஸ்டோ சமூகப் பணியாளரோ இருந்தால் தனியாகப் பார்க்க நேரம் கேளுங்கள். தனியார் அப்பாயின்ட்மென்ட்டையும் ரத்து செய்ய வேண்டாம், அதற்குள் மருந்து தொடங்கி மூன்று வாரம் ஆகியிருக்கும். அந்த டாக்டருக்கு அது பெரிய உதவி.

இன்னொன்று. நீங்கள் எழுதியதில் அம்மா வருகிறார், மேல்வீட்டுக்காரர் வருகிறார், அப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை. இருந்தால் அவரையும் ஒரு நாள் ஓ.பி.க்குக் கூட்டிப் போங்கள். தூக்கம் சரியானதும், "பையன் நல்லாத்தானே இருக்கான், எதுக்கு இன்னும் மாத்திரை" என்று மூன்றாவது மாதம் நிறுத்தச் சொல்கிறவர் என் அனுபவத்தில் பெரும்பாலும் அவர்தான்.